இடுப்பளவுச் சுவர்

காவேரிப்பட்டினம்
20-1-2025

அன்புள்ள அருணாவுக்கு,

உன் அண்ணி மேகலா எழுதுவது. இங்கே உன் அண்ணன், அத்தை, நான் மூவரும் சுகம். நீயும் சுகம்தான் என்று நான் வைத்துக்கொள்கிறேன். அத்தை அப்படி வைத்துக்கொள்ளவில்லை. பொங்கலுக்கு வந்தவள் பாதியாய் இளைத்துப் போயிருந்தாள் என்று தினமும் ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறார்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிக்காதே. நான் போனில் பேசினால் உன் அண்ணன் ஒரு பக்கமும் அத்தை ஒரு பக்கமும் காது வைக்கிறார்கள். நீயோ பகல் முழுக்க போனைக் கம்பெனி கேட்டில் ஒப்படைத்துவிடுகிறாய். எப்படியும் எங்கள் குழுவின் பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட அறிக்கைத் தாள் உன் கைக்கு வந்தாக வேண்டும். உங்கள் கம்பெனி பஸ் ஓட்டும் சென்னகிருஷ்ணன் அண்ணன் நம் தெருமுனையில்தான் வண்டியை நிறுத்துகிறார். தாளோடு இதுவும் வரட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மகளிர் குழுவுக்கு மாங்கூழ் பிழியும் இயந்திரம் தருவதாக உங்கள் கம்பெனி ஒப்புக்கொண்டது உன் முயற்சியால்தான். எங்கள் குழு முனிலட்சுமியின் மாந்தோப்போரத்தில் கட்டடத்தை நாங்கள் கட்ட வேண்டும், இயந்திரத்தை அவர்கள் தருவார்கள். சரி. இப்போது அந்தப் பொறுப்பைப் பார்க்கும் ரத்தினவேல் சாரிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. மாதாமாதம் முன்னேற்ற அறிக்கை அனுப்பவும் என்று ஒரே வரி. எனக்குத் தெரிந்த அறிக்கை எங்கள் தீர்மான நோட்டுதான். அதே மாதிரி ஒன்பது பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். பூமி பூஜைக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை, வராதவர் சொன்ன காரணம், அது உண்மையா என்பது வரை இருக்கிறது. படித்துவிட்டு உள்ளதைச் சொல்.

ஜூனில் பெங்களூரா மாங்காய் இறங்குவதற்குள் இயந்திரம் ஓட வேண்டும் அருணா. இல்லாவிட்டால் இந்த வருஷமும் மண்டியில் கொட்டிவிட்டு, மீந்தது அழுகுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பன்னிரண்டு பேரும் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அண்ணி
மேகலா


ஓசூர்
24-1-2025

அன்பு அண்ணிக்கு,

அருணாவின் வணக்கம். நான் நலம். இளைக்கவில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள்; அந்தச் சுடிதார் தைத்தவர் செய்த குளறுபடி அது. அண்ணனுக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது?

ஒன்பது பக்கத்தையும் ஒரே மூச்சில் படித்தேன். ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில் சௌமியாவுக்கு வாசித்துக் காட்டினேன், அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆனால் அண்ணி, ரத்தினவேல் சார் மேசையில் ஒரு நாளைக்கு இருபது அறிக்கை விழுகிறது. அரைப் பக்கத்துக்கு மேல் அவர் கண் போகாது. என்ன நடந்தது, என்ன நடக்கவில்லை, எது தடுக்கிறது, யார் உதவ வேண்டும். இவ்வளவு போதும். அதிலும் நடக்காததை முதலில் எழுதுங்கள். நடந்தது எப்படியும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். நடக்காததை நாம் சொன்னால்தான் அடுத்தவருக்குத் தெரியும், உதவிக்கு வருவார்கள்.

இன்னொன்று. "மேஸ்திரி நாளை வருகிறார்" என்று நான்கு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். நாளை என்று எழுதாதீர்கள், தேதி போடுங்கள். தேதி போட்டால் வராத அன்று அவரைக் கேட்க முடியும்.

இயந்திரம் யாருக்கு என்று முடிவு செய்யும் கமிட்டியில் மூன்று பேர். பெங்களூரிலிருந்து வரும் அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. அதனால் உங்கள் தாளை நானே ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். இது எனக்குப் பழகிய வேலை. ஓசூரில் ஓடும் ஒரு உற்பத்தி லைனை சூளகிரிப் புதுப் பிளாண்டுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம் என்று சொன்னேன் அல்லவா, அதன் ரிப்போர்ட்டை ஒவ்வொரு சனிக்கிழமையும் நாற்பது பேருக்கு நான்தான் அனுப்புகிறேன்.

அந்த ஒன்பது பக்கத்தைத் திருப்பி அனுப்பவில்லை. என்னிடமே இருக்கட்டும்.

அம்மாவுக்கும் அண்ணனுக்கும் என் அன்பு.

அருணா


காவேரிப்பட்டினம்
24-2-2025

அன்புள்ள அருணா,

எல்லோரும் சுகம். உன் அண்ணன் முதுகுவலி டெம்போ சீட்டை மாற்றியதும் போய்விட்டது, இப்போது சீட்டு சரியில்லை என்று புலம்புகிறார். உன் உடம்பைப் பற்றி எழுது. சுடிதார் கதையை அத்தை நம்பவில்லை.

இதோ பிப்ரவரி அறிக்கை. நீ சொன்னபடி அரைப் பக்கம். முனிலட்சுமி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இம்புட்டுதானா? பாடுபட்டதுக்கு இது காணாதே" என்றாள். அவளுக்காக இன்னும் ஒரு வரி சேர்க்கக் கை துறுதுறுத்தது, சேர்க்கவில்லை. உனக்காக இங்கேயும் எழுதி வைக்கிறேன், சரியா என்று பார்:

"சுவர் இடுப்பளவுதான் எழும்பியிருக்கிறது. கூரைத் தகடு வரவில்லை. மின் இணைப்புக்கு மனு கொடுத்திருக்கிறோம், ஆள் வந்து பார்க்கவில்லை. மேஸ்திரி திருமலை மார்ச் மூன்றாம் தேதி வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். நிலை வைத்தாயிற்று."

நிலை வைத்ததைத்தான் நீ பார்த்திருக்க வேண்டும். மாசியில் நல்ல நாள் பார்த்து, வாசல் நிலைக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, கனகாம்பர மாலை போட்டு நிறுத்தினோம். முன்னால் பன்னிரண்டு பேரும் நின்று உன் அண்ணனைப் படம் எடுக்கச் சொன்னோம். பின்னால் இருக்கும் செங்கல் குவியல் தெரிய வேண்டாம் என்று கிட்டே வந்து எடுத்தார். படத்தை உன் போனுக்கு அனுப்பியிருக்கிறார்.

மேஸ்திரி மாலூர் பக்கத்துக்காரர். எப்போது கேட்டாலும் "நாளே பர்த்தீனி" என்கிறார். கன்னடத்தில் நாளைக்கு வருகிறேன் என்று அர்த்தமாம். அவர் ஊரில் நாளை என்பது எத்தனை நாள் என்று யாராவது சொன்னால் தேவலை. நீ சொன்ன மாதிரி தேதி கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு மூன்றாம் தேதி என்றார்.

எங்களைப் போல குந்தாரப்பள்ளியிலும் ஒரு குழு கட்டுகிறதாமே, எந்தக் கட்டடம் முதலில் தயாரோ அதற்குத்தான் இயந்திரமாமே. சென்னகிருஷ்ணன் அண்ணன் சொன்னார். உண்மையா? உண்மையானால் ஏன் நீ சொல்லவில்லை?

சாப்பிட்டாயா என்று தினமும் கேட்க ஆளில்லாத ஊரில் இருக்கிறாய். நீயே உன்னைக் கேட்டுக்கொள்.

அண்ணி


ஓசூர்
4-3-2025

அன்பு அண்ணிக்கு,

நலம், நலமே. அம்மாவுக்கு என் முத்தங்கள்.

கமிட்டி நேற்று முடிந்தது. உங்கள் படத்தைப் பெரிய திரையில் போட்டார்கள். பெங்களூர் அம்மா கை தட்டினார் அண்ணி, நிஜமாகவே தட்டினார். குழு என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று ரத்தினவேல் சாரும் சொன்னார். எனக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. எங்க அண்ணி என்று எழுந்து சொல்லத் தோன்றியது.

குந்தாரப்பள்ளி விஷயம் உண்மைதான். நீங்கள் கவலைப்படுவீர்கள் என்று சொல்லவில்லை. இனி கவலை வேண்டாம். உங்கள் அறிக்கை நன்றாக இருந்தது. ஆங்கிலத்தில் கொஞ்சம் மெருகு போட்டேன், அவ்வளவுதான்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. மற்றவை அடுத்ததில்.

அருணா


காவேரிப்பட்டினம்
22-3-2025

அன்புள்ள அருணாவுக்கு,

உடம்பெல்லாம் எல்லோருக்கும் சுகம். மனம்தான் சுகமில்லை.

இயந்திரம் வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு லாரி தோப்புக்குள் நுழைகிறது. எங்களுக்கு ஒரு தகவலும் இல்லை. டிரைவர் கையில் எங்கள் படத்தை அச்சடித்த தாள். படத்தைப் பார்க்கிறார், நிலையைப் பார்க்கிறார். "இந்த வாசல்தான். கட்டடம் எங்கம்மா?" என்றார். முனிலட்சுமி சும்மா இருக்காமல், "வாசல் வழியா போய்ப் பாருங்க" என்றாள். அந்த மனிதர் நிஜமாகவே நிலைக்குள் நுழைந்து அந்தப் பக்கம் வெட்டவெளியில் போய் நின்றார். எல்லோரும் சிரித்தோம். அன்றைக்கு அவ்வளவுதான் சிரித்தோம்.

திருப்பி எடுத்துப் போக அவருக்கு உத்தரவில்லை. பக்கத்துத் தோட்டத்து டிராக்டரை வைத்து இறக்கி, மாமரத்தடியில் நிறுத்தி, தார்ப்பாய் போட்டுக் கட்டினோம். முறை வைத்துக் காவல் இருந்தோம். வியாழக்கிழமை சாயங்காலம் காற்றோடு கோடைமழை அடித்தது. தார்ப்பாய் பறந்துபோய் வேலியில் மாட்டிக்கொண்டது. நாங்கள் ஓடிப்போய்ப் புடவையைப் போட்டு மூடுவதற்குள் மோட்டாருக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. சுவிட்சுப் பெட்டியைத் திறந்தால் வாளியைக் கவிழ்த்த மாதிரி ஊற்றுகிறது.

நான் எழுதியதில் ஏதோ பிழை இருக்கிறது அருணா. கட்டடம் முடியவில்லை என்று அவர்களுக்குப் புரியும்படி எழுதத் தெரியவில்லை எனக்கு. எங்கே தப்பு செய்தேன் என்று சொல். முனிலட்சுமி எல்லோர் முன்னாலும், "லெட்டர் எழுதத் தெரியும்னுதானே ஒன்ன தலைவியா வச்சோம்" என்றாள்.

ரத்தினவேல் சார் ஒன்றாம் தேதி பார்க்க வருகிறாராம். இயந்திரத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள் என்று பேச்சு. அதற்குள் எழுது. யுகாதிக்கு வருவாய் அல்லவா?

அண்ணி


ஓசூர்
29-3-2025

அன்பு அண்ணிக்கு,

நலம். உங்கள் கடிதம் கிடைத்தது. சூளகிரியில் வேலை அதிகம், யுகாதிக்கு வர முடியாது. அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். இங்கேயும் நல்ல மழை. ஹாஸ்டல் வாசலில் தண்ணீர் நின்று செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறோம்.

உங்கள் மேல் தப்பில்லை அண்ணி. மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள்.

அருணா


காவேரிப்பட்டினம்
5-4-2025

அன்புள்ள அருணா,

அனைவரும் சுகம். யுகாதிக்கு ஒப்பட்டுப் போளி செய்தோம். உன் பங்கு இரண்டை அத்தை எடுத்து வைத்துவிட்டு, மூன்றாம் நாள் கெட்டுப்போனதும்தான் வெளியே போட்டார். உனக்குக் காய்ச்சல் ஏதும் இல்லையே? உன் கடிதம் ஒரு பக்கத்துக்குக்கூட வரவில்லை, அதனால் கேட்கிறேன்.

ரத்தினவேல் சார் வந்துபோனார். தூத்துக்குடிப் பக்கம் போலிருக்கிறது பேச்சு. நல்ல மனிதர், கோபத்தில்கூடக் குரல் உயரவில்லை. சுவரோரமாக நடந்தார். கையிலிருந்த ஆங்கிலத் தாளைப் பார்த்தார். எங்கள் பன்னிரண்டு பேரையும் பார்த்தார். "ஏம்மா, செவரு இடுப்பளவுதான் நிக்கின்னு ஒரு வரி எழுதப்பிடாதா?" என்றார்.

நான் எழுதாமல் விட்டது தப்புதான் என்று சொன்னேன்.

முப்பதாம் தேதி கமிட்டி கூடி முடிவு சொல்லுமாம். அதுவரை இயந்திரத்தைத் தொடக் கூடாது. நேற்றுக் குழு கூடியது. தீர்மான நோட்டை முனிலட்சுமியிடம் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்துவிட்டேன். ஆறு வருஷம் என் கையில் இருந்த நோட்டு. கொடுத்துவிட்டு வந்து சோறு வடித்தேன், குழம்பு வைத்தேன், உப்புப் போட மறந்தேன். உன் அண்ணன் அப்படியே சாப்பிட்டார்.

வேறொன்றும் விசேஷமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி


காவேரிப்பட்டினம்
19-4-2025

அருணா,

இரண்டு வாரமாகிறது. தினமும் தெருமுனைக்குப் போகிறேன். சென்னகிருஷ்ணன் அண்ணன் என்னைப் பார்த்ததுமே, "பாப்பா இன்னிக்கும் ஒண்ணும் குடுக்கலீங்க" என்று தலையை ஆட்டிவிடுகிறார். வருஷப் பிறப்புக்கும் நீ வரவில்லை. போனில் அத்தையிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, நான் அடுப்படியிலிருந்து வருவதற்குள் வைத்துவிட்டாய்.

தோப்பில் முதல் செந்தூரா மாங்காய் பழுத்துவிட்டது. ஆறு பழமும் தொக்கு ஒரு பாட்டிலும் அனுப்பியிருக்கிறேன்.

உன் அறிக்கைதான் வரவில்லை. நடந்ததெல்லாம் வேண்டாம். நடக்காததை மட்டும் எழுது.

அண்ணி


ஓசூர்
25-4-2025

அண்ணி,

சுகமா என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். எல்லோரும் சுகமா?

நீங்கள் எழுதினீர்கள். சுவர் இடுப்பளவு என்று முதல் வரியிலேயே எழுதினீர்கள். நான்தான் அழித்தேன்.

கமிட்டி அன்று கேன்டீனில் உட்கார்ந்து உங்கள் தாளை ஆங்கிலத்தில் எழுதினேன். ஒழுங்காகத்தான் எழுதினேன், ஐந்து வரியும். அப்போது குந்தாரப்பள்ளி அறிக்கை என் பார்வைக்கு வந்தது. அவர்கள் கூரை போட்டுவிட்டார்கள். உங்கள் இடுப்பளவுச் சுவரை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சுவர், கூரை, மின்சாரம் என்று மூன்று வரியை எடுத்துவிட்டேன். மிஞ்சியது நிலை வைத்ததும், மேஸ்திரி வருவதும்தான். கீழே நீங்கள் பன்னிரண்டு பேரும் சிரிக்கும் படம்.

நம் ஊரில் நிலையை முதலில் நிறுத்தி அதைச் சுற்றிச் சுவர் எழுப்புவோம். பெங்களூர் அம்மா பார்த்த அடுக்குமாடிகளில் கதவு கடைசியில் வரும். மாலை போட்ட வாசலைப் பார்த்ததும் கட்டடமே முடிந்தது என்று அவர் எடுத்துக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்தபோதே எனக்கு அது தெரிந்தது. வாயைத் திறக்கவில்லை. இயந்திரம் வந்து சேர ஒரு மாதமாவது ஆகும், அதற்குள் சுவர் எழும்பிவிடும் என்று கணக்குப் போட்டேன்.

இன்னும் சொல்கிறேன். சனிக்கிழமை ரிப்போர்ட்டிலும் நான் இதைத்தான் இரண்டு வருஷமாகச் செய்கிறேன். தொண்ணூறு சதவீதம் முடிந்தது என்று எட்டு வாரம் தொடர்ந்து எழுதியிருக்கிறேன். யாரும் கேட்க மாட்டார்கள், அவர்களும் அப்படித்தான் எழுதுகிறார்கள். நடக்காததை முதலில் எழுதுங்கள் என்று உங்களுக்குச் சொன்னேனே, அது நான் ஒரு நாளும் செய்யாதது. நீங்கள் செய்தீர்கள். அதைத்தான் நான் அழித்தேன்.

நீங்கள் பழியை ஏற்றுக்கொண்டதைப் படித்த அன்று லைனில் நின்று அழுதேன். அப்போதும் எழுத வரவில்லை. பழம் வந்தது. ஆறையும் எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஒன்றைக்கூடத் தொட முடியவில்லை.

நேற்று ரத்தினவேல் சாரிடம் போனேன். உங்கள் பன்னிரண்டு கையெழுத்துத் தாளையும் என் ஆங்கிலத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவர் நெடுநேரம் படித்தார். "இத மேல அனுப்பினா கஷ்டம் ஒனக்குத்தாம்மா" என்றார். அனுப்புங்கள் என்றேன். இன்று காலை என்னைச் சூளகிரி வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். மே இரண்டிலிருந்து ஸ்டோர்ஸில் உட்கார வேண்டும்.

இயந்திரம் உங்களுக்கு மிஞ்சுமா என்று தெரியவில்லை. என் கடிதத்தைக் குழுவில் வாசித்துவிடுங்கள். நோட்டை உங்களிடம் திருப்பித் தரட்டும்.

என்னைத் திட்டியாவது எழுதுங்கள் அண்ணி.

அருணா


காவேரிப்பட்டினம்
10-5-2025

அன்புள்ள அருணாவுக்கு,

அத்தை, உன் அண்ணன் சுகம். நானும் சுகம். பதினைந்து நாள் உன்னைக் காக்க வைத்தேன். நீ என்னை வைத்த அளவுக்கு ஒரு நாள்கூட அதிகமில்லை.

ரத்தினவேல் சார் அந்தத் தாளைக் கையில் வைத்துக் கேட்ட அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. என் தாளில் முதல் வரியே அதுதானே. மூன்று நாள் உன் பேரை நான் சொல்லவில்லை. அத்தை கேட்டதற்கு, வேலையாய் இருக்கிறாள் என்றேன். அவ்வளவு கோபம். நீ பொய் எழுதியதற்குக்கூட அல்ல. "உங்கள் மேல் தப்பில்லை" என்று எழுதிவிட்டு, யார் மேல் என்று எழுதாமல் மழையைப் பற்றி எழுதினாயே, அதற்கு.

ஆனால் பன்னிரண்டு பேர் நடுவில், நான் எழுதினேன், என் நாத்தனார் அழித்துவிட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது நீ ஏழாவது படித்தாய். உன் தலையை வாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் நான். அதனால் நானும் ஒரு பொய் சொன்னேன். நீ மறைத்தது ஒன்று, நான் மறைத்தது ஒன்று. இரண்டும் சேர்ந்து, ஒரு மாதமாக முனிலட்சுமியை என்னோடு பேசாமல் செய்துவிட்டது.

உன் கடிதத்தை நான் குழுவில் வாசிக்கவில்லை. அது எனக்கு எழுதியது. ஆனால் வியாழக்கிழமை ரத்தினவேல் சார் வந்து இரண்டு தாளையும் எல்லோருக்கும் படித்துச் சொன்னார். படித்து முடித்ததும் முனிலட்சுமி எழுந்து வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்து தீர்மான நோட்டை என் மடியில் வைத்தாள்.

பிறகு சார் கமிட்டியின் முடிவைச் சொன்னார். ஜூன் பத்துக்குள் கட்டடம் முடியும் என்று எழுதிக் கொடுத்தால் மோட்டாரைச் சரிசெய்து இயந்திரத்தை இங்கேயே விடுவார்களாம். முடியும் என்று எழுதச் சொல்லி எல்லோரும் ஒரே குரல். எனக்கும் ஆசைதான் அருணா. பேனாவைத் திறந்துவிட்டேன். கடைசியில் நோட்டைப் புரட்டி, மேஸ்திரி வருவதாகச் சொன்ன தேதிகளை வாசித்தேன். சொன்னது முப்பத்தொரு நாள், வந்தது ஒன்பது நாள். வாசித்து முடித்ததும் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. முனிலட்சுமிதான் முதலில் பேசினாள். "அப்ப குந்தாரப்பள்ளிக்கே போவட்டும். அங்கயும் மாங்காதான் அழுவுது."

மே மாத அறிக்கை இதோடு இருக்கிறது. முதல் வரி, ஜூன் பத்துக்குள் முடியாது. இரண்டாவது வரி, இயந்திரத்தைக் கூரை உள்ள இடத்துக்குக் கொண்டுபோகலாம். மூன்றாவது, வாரத்தில் இரண்டு நாள் எங்கள் காயையும் அங்கே பிழிய இடம் தர வேண்டும். பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

இதையும் நீதான் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். வேறு ஆளைப் பார்க்கச் சொன்னார் சார். நான் ஒப்புக்கொள்ளவில்லை.

அண்ணி


ஓசூர்
16-5-2025

அன்பு அண்ணிக்கு,

நலம். ஸ்டோர்ஸில் வேலை பழகிவிட்டது. பெட்டியில் உள்ளதை எண்ணி, உள்ளபடி எழுத வேண்டும், அவ்வளவுதான்.

அறிக்கையை எழுதிக் கொடுத்துவிட்டேன். முடியாது என்ற முதல் வரியை எழுதும்போது விரல் நின்றது. அதைக் கொஞ்சம் மென்மையாக்கலாமே என்று பழைய புத்தி சொன்னது. அப்படியே எழுதினேன். ஒரு வரிகூட விடவில்லை, ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை. சார் வாங்கிப் படித்துவிட்டு, தமிழ்த் தாளையும் எடுத்து வரிவரியாய் ஒப்பிட்டுப் பார்த்தார். எனக்கு வலித்தது. ஆனால் பார்க்கட்டும்.

ஊருக்கு வர வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். பஸ் பக்கம் வரை போனேன் ஒரு நாள். உங்கள் இயந்திரத்தை நானே கொண்டுவந்து, நானே அனுப்பிவிட்டேன். முனிலட்சுமி அக்கா முகத்தில் எப்படி விழிப்பேன்? அம்மாவிடம் லீவு கிடைக்கவில்லை என்று சொல்லுங்கள். வேண்டாம், பொய் வேண்டாம். வெட்கமாக இருக்கிறது என்று சொல்லுங்கள்.

அருணா


காவேரிப்பட்டினம்
14-6-2025

அன்புள்ள அருணாவுக்கு,

எல்லோரும் சுகம். அத்தையிடம் நீ எழுதியபடியே வாசித்துக் காட்டினேன். "பெத்த வூட்டுக்கு வர இன்னா வெக்கம்" என்று திட்டிவிட்டு, முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆறாம் தேதி லாரி வந்தது, அதே டிரைவர். ஏற்றும்போது பன்னிரண்டு பேரும் ஆளுக்கொரு கை கொடுத்தோம். தோப்பைத் தாண்டும் வரை பார்த்துக்கொண்டு நின்றோம். முனிலட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டு, வேலியில் ஏற்கெனவே வெட்டிய கொடியை மறுபடி வெட்டினாள். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

இப்போது செவ்வாயும் வெள்ளியும் உன் அண்ணன் டெம்போவில் காயை ஏற்றிக்கொண்டு குந்தாரப்பள்ளி போகிறோம். நேற்று பெங்களூரா பிழிந்தோம். கூழ் விழும் வாசனை ரோடு வரை அடிக்கிறது. அந்தக் குழுத் தலைவி தமிழ்செல்வி எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். பேச்சோடு பேச்சாக, "கம்பெனியில காட்டின உங்க வாசல் படத்த பாத்துட்டு நாங்க மூணு நாளு அழுதமுங்க. கூரையே போட்டுட்டோம், அதுக்கு மேல இன்னா பண்றதுன்னு தெரியல" என்றாள். இதை உன்னிடம் சொல்லாமல் விடலாமா என்று யோசித்தேன். இனிமேல் ஒருத்திக்கொருத்தி எதையும் விட வேண்டாம். நீ அழித்த மூன்று வரி அவர்கள் வீட்டிலும் விழுந்திருக்கிறது, தெரிந்துகொள். அவளிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவள் எனக்கு இன்னொரு டீ ஊற்றினாள்.

கூழ் ஒரு பாட்டில் இதோடு வருகிறது. இந்தத் தடவை தொட்டுத் தின்ன வேண்டும்.

முனிலட்சுமி உனக்கு ஒரு செய்தி சொல்லச் சொன்னாள். "அருணா வந்தா செங்கல் தூக்கச் சொல்லு. இங்கிலீசு போதும்." அவள் பேசிவிட்டாள் என்றால் கோபம் பாதி போய்விட்டது என்று அர்த்தம். மீதிக்கு நீ தூக்கும் செங்கல் போதும் என்று நினைக்கிறேன்.

ஜூன் மாத அறிக்கையை நீ சொல்லிக் கொடுத்தபடி எழுதி இதை முடிக்கிறேன்.

சுவர் தோளளவுதான் வந்திருக்கிறது. கூரை இல்லை. மேஸ்திரி பதினாறாம் தேதி என்கிறார். நிலை வைத்து நாலு மாதமாகியும் கதவு மாட்டவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை நீ வரும்போது தட்ட வேண்டியதில்லை. நேராக உள்ளே வா.

உன் அண்ணி
மேகலா